நூலிழை ஆஃப்சைடு: கோட்டுக்கு முன்னால் நொடியைப் பாருங்கள்

செவன்ஸ் கால்பந்து ஆடியும் பார்த்தும் வளர்ந்தவர்களுக்கு ஆஃப்சைடு சட்டென்று பிடிபடாது. ஏழு பேர் ஆட்டத்தில் பல இடங்களில் அந்த விதியையே வைப்பதில்லை. அந்தப் பழக்கத்தோடு நடு இரவில் விழித்திருந்து ஒரு சர்வதேச ஆட்டம் பார்த்தால் குழப்பம்தான். கோல் விழுகிறது. அணியே ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறது. நடுவர் காதில் விரலை வைத்தபடி நிற்கிறார். கொஞ்ச நேரத்தில் கோல் இல்லை என்கிறார். திரையில் ஒருவரின் பூட்ஸ் முனை மட்டும் கோட்டைத் தாண்டித் தெரிகிறது. "இதுக்கெல்லாமா கோலை எடுப்பாங்க?" என்று வீடே கேட்கிறது.

எடுப்பார்கள். எடுக்கத்தான் வேண்டும், விதி அப்படி. அந்த முடிவு சரியா தவறா என்று நீங்களே பார்த்துச் சொல்லப் பழகலாம். அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் எந்த நொடி என்று பார்க்க வேண்டும். அப்புறம் அந்த நொடியில் யார் எங்கே நின்றார் என்று பார்க்க வேண்டும். கடைசியாக, அங்கே நின்றவர் ஆட்டத்தில் தலையிட்டாரா என்று கேட்க வேண்டும். டீக்கடையில் சண்டை எப்போதும் இரண்டாவதில்தான் ஆரம்பிக்கிறது. பிசகு அதிகம் நடப்பதோ முதலாவதில்.

விதி, தேவையான அளவுக்கு

ஒருவர் ஆஃப்சைடு இடத்தில் இருக்கிறார் என்றால் மூன்றும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். எதிரணியின் பாதியில் நிற்க வேண்டும். பந்தைவிட எதிரணியின் கோல் கோட்டுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். எதிரணியில் கடைசியிலிருந்து இரண்டாவதாக நிற்பவரைவிடவும் நெருக்கமாக இருக்க வேண்டும். சமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை. இந்தச் சலுகை 1990-இல் வந்தது, அதற்கு முன் சமமும் ஆஃப்சைடுதான். 1925 வரை இரண்டு பேருக்குப் பதில் மூன்று பேர் என்ற கணக்கு இருந்தது.

"கடைசியிலிருந்து இரண்டாவது ஆள்" என்பதைத்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். கோல்கீப்பர் எப்போதும் கடைசியில் நிற்பார், ஆகவே கடைசி டிஃபெண்டரைப் பார்த்தால் போதும் என்று மனம் பழகிவிடுகிறது. 2022 நவம்பர் 20, கத்தார் உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். மூன்றாவது நிமிடத்தில் ஈக்வடாரின் என்னர் வலென்சியா தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனது. டிஃபெண்டர் ஒருவர் பின்னால் நிற்கிறாரே, எங்கே ஆஃப்சைடு என்று பலரும் திகைத்தார்கள். கத்தார் கீப்பர் பந்துக்காக முன்னால் வந்துவிட்டிருந்தார். அவருக்குப் பின்னால் கத்தார் வீரர் ஒருவர்தான் இருந்தார். ஆகவே இரண்டாவது ஆள் யார் என்ற கணக்கே மாறிவிட்டது. ஈக்வடாரின் மிக்கேல் எஸ்த்ராதாவுடைய கால் அந்த இரண்டாவது ஆளைத் தாண்டியிருந்தது. கோல் ரத்தானது. கீப்பர் கோலை விட்டு வெளியே வந்த ஆட்டங்களில் எப்போதும் தலைகளை எண்ணிப் பாருங்கள்.

அளக்கும்போது தலை, உடல், கால் மட்டுமே கணக்கு. கை கணக்கில் இல்லை, கீப்பரின் கையும் இல்லை. கை எங்கே தொடங்குகிறது என்றால் அக்குளின் அடிப்புள்ளிக்கு நேராக. அதற்கு மேலே உள்ள தோள் உடலில் சேரும். அதனால்தான் சில படங்களில் கோடு தோளிலிருந்து இறங்குகிறது. கை தோளுக்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாலும் அதை விட்டுவிடுவார்கள். த்ரோ-இன், கோல் கிக், கார்னர் மூன்றிலும் நேரடியாக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது.

எந்த நொடி

கணக்கு நிற்பது சக வீரர் பந்தைத் தொட்ட நொடியில். பந்து வந்து சேர்ந்த நொடி அல்ல. தொட்டதிலும் முதல் தொடுகைதான். காலும் பந்தும் ஒட்டியிருப்பது ஏறத்தாழ ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு. அதற்குள்ளேயே முதல் தொடுகைக்கும் பந்து விடுபடுவதற்கும் வித்தியாசம் உண்டு.

இது ஏன் முக்கியம் என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டும். வேகமாக ஓடும் ஃபார்வர்டு நொடிக்கு 8 மீட்டர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே சமயம் டிஃபெண்டர் அவரை ஆஃப்சைடில் சிக்கவைக்க நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் எதிர்த்திசையில் முன்னேறுகிறார். இருவருக்கும் இடையே உள்ள தூரம் நொடிக்கு 12 மீட்டர் மாறுகிறது. நொடிக்கு 50 ஃபிரேம் எடுக்கும் கேமராவில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவில் அது 24 செ.மீ. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 48 செ.மீ. அதாவது கோட்டை மில்லிமீட்டர் சுத்தமாகப் போட்டாலும், ஒரு ஃபிரேம் தள்ளிப் போட்டால் ஒரு பூட்ஸ் நீளத்துக்கு முடிவு புரண்டுவிடும்.

விஏஆர், அதாவது வீடியோ உதவி நடுவர் முறை, வந்த தொடக்க ஆண்டுகளில் கிளம்பிய புகாருக்கு வேர் இதுதான். ஆபரேட்டர் ஃபிரேமை முன்னும் பின்னும் நகர்த்தி, கால் பந்தில் பட்டது எது என்று கண்ணால் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒரு ஃபிரேமில் கால் பந்துக்குச் சற்று முன்னால் இருக்கும், அடுத்ததில் பந்து நசுங்கி விலகியிருக்கும். உண்மையான தொடுகை இரண்டுக்கும் நடுவில் எங்கோ நடந்திருக்கும்.

2022 உலகக் கோப்பையில் இதற்கு ஒரு நல்ல தீர்வு வந்தது. அந்தத் தொடருக்கான அல் ரிஹ்லா என்ற பந்தின் நடுவே ஒரு சென்சார் தொங்கவிடப்பட்டிருந்தது. அது நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. மேலே சொன்ன அதே இருவர் கணக்கில் 500-இல் ஒரு பங்கு நொடிக்குள் மாறும் தூரம் 2.4 செ.மீ. மட்டுமே. யூரோ 2024-இல் திரையில் இதயத் துடிப்பு வரைபடம் போல ஒரு கோடு துள்ளியதைப் பார்த்திருப்பீர்கள். அது பந்தின் சென்சார் தந்தது. துள்ளல் தொடங்கும் இடம்தான் தொடுகை. ஆஃப்சைடு தொழில்நுட்பத்தில் வந்த மாற்றங்களில் பெரியது எது என்றால் இந்தச் சென்சாரைத்தான் சொல்ல வேண்டும். முப்பரிமாணப் படம் கண்ணுக்கு அழகு. முடிவைத் திருத்தியது சென்சார்.

எந்த இடம்

நொடி கிடைத்த பிறகு கோடு. சேலம் ஜங்ஷன் நடைமேம்பாலத்தில் நின்று தண்டவாளத்தைப் பாருங்கள். இரண்டு தண்டவாளமும் தூரத்தில் போய் ஒரு புள்ளியில் சேர்வது போலத் தெரியும். மைதானத்துக் கோடுகளும் கேமராவில் அப்படித்தான். கோல் கோடு, 5.5 மீட்டர் பெட்டியின் முன்கோடு, 16.5 மீட்டர் பெட்டியின் முன்கோடு மூன்றும் நிஜத்தில் இணையானவை. படத்தில் அவற்றை நீட்டினால் ஒரே புள்ளியில் சந்திக்கும். ஆஃப்சைடு கோடும் அவற்றுக்கு இணை என்பதால் அதே புள்ளி வழியாகத்தான் போக வேண்டும். திரையில் ஸ்கேலை நேராக வைத்து "பாரு, முன்னால நிக்கிறான்" என்று சொல்வது இதனால்தான் பலிப்பதில்லை.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பெனால்டி பகுதி தெரியும் ஒரு ஆட்டப் படத்தைப் பிரின்ட் எடுத்துப் பெரிய சார்ட் பேப்பரின் நடுவில் ஒட்டுங்கள். கோல் கோட்டையும் 16.5 மீட்டர் கோட்டையும் பென்சிலால் படத்துக்கு வெளியே நீட்டுங்கள். இரண்டும் வெட்டும் இடத்தில் ஒரு குண்டூசி. பெரும்பாலும் அது படத்துக்கு வெகுதூரம் மேலே விழும், சார்ட் பெரிதாக வேண்டும் என்றது அதற்காகத்தான். ஊசியில் ஒரு நூலைக் கட்டுங்கள். தறியில் ஓடும் மெல்லிய பாவு நூல் கிடைத்தால் இன்னும் நல்லது, தையல் நூலும் போதும். நூலை இழுத்துப் பிடித்து, கடைசியிலிருந்து இரண்டாவதாக நிற்கும் டிஃபெண்டரின் பாதத்தில் கோல் கோட்டுக்கு மிக அருகே உள்ள புள்ளியைத் தொடும்படி நகர்த்துங்கள். இப்போது நூல் கிடக்கும் திசைதான் ஆஃப்சைடு கோடு. முதல்முறை செய்யும்போது கண் ஏமாந்திருந்தது எவ்வளவு என்று தெரிந்து ஆச்சரியப்படுவீர்கள்.

இது தரையில் ஊன்றிய பாதத்துக்கு மட்டும் சரி. முன்னால் சாய்ந்த தோளோ தலையோ காற்றில் இருக்கிறது. அதைத் தரைக்கு இறக்க வேண்டும். கொத்தனார் தூக்குக்குண்டு விடுவது போலத் தோளிலிருந்து நேர் கீழே ஒரு கோடு விட்டு, அது தரையைத் தொடும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒற்றைப் படத்தை வைத்துக் கண்ணால் இதைச் செய்யவே முடியாது. ஏனென்றால் அவருக்குக் கீழே தரை எங்கே இருக்கிறது என்று படம் சொல்வதில்லை. கேமராவின் உயரம், கோணம், லென்ஸின் வளைவு எல்லாவற்றையும் முன்கூட்டியே அளந்து வைத்த மென்பொருள் வேண்டும். மைதானமே கூடத் தட்டையாக இருக்காது, மழைநீர் வடிய நடுவில் சற்று மேடாகப் போட்டிருப்பார்கள். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு மைதானத்திலும் கோடுகளைச் சரிபார்ப்பது இதற்காகத்தான்.

2018 ரஷ்ய உலகக் கோப்பையில் மனிதர்கள் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார்கள். 2022-இல் கூரைக்கு அடியில் பொருத்திய 12 கேமராக்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகள் வரை, நொடிக்கு 50 முறை பதிவாகின. கால் பெருவிரல் முனை, முழங்கால், தோள் எல்லாம் அதில் அடக்கம். பல கேமராக்கள் ஒரே புள்ளியைப் பார்ப்பதால் தோளின் உயரம் தானாகவே தெரிந்துவிடுகிறது, தூக்குக்குண்டு வேலையைக் கணினியே செய்கிறது.

திரையில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது

கோல் விழுந்ததும் கொண்டாட்டத்தைப் பார்க்காமல் துணை நடுவரைப் பாருங்கள். நெருக்கமான ஆஃப்சைடில் அவர் கொடியை உடனே தூக்கமாட்டார். தாக்குதல் முடியும் வரை காத்திருந்து அப்புறம் தூக்குவார். இது சோம்பல் இல்லை. கொடியைப் பார்த்து விசில் ஊதிவிட்டால் ஆட்டம் நின்றுபோகும், பிறகு அது தவறு என்று தெரிந்தாலும் வராத கோலை விஏஆரால் கொண்டுவர முடியாது. தாமதித்தால் இரண்டு பக்கமும் திருத்த இடம் இருக்கும்.

அடுத்து நடுவர். காதில் விரல் வைத்தால் வீடியோ அறையில் சோதனை நடக்கிறது. கைகளால் காற்றில் ஒரு சதுரம் வரைந்தால் முடிவு வீடியோ பார்த்து எடுக்கப்படுகிறது. ஆஃப்சைடு இடம் மட்டுமே பிரச்சினை என்றால் அவர் ஓரத்துத் திரைக்கு ஓடுவதில்லை. முன்னால் நின்றாரா இல்லையா என்பது அளந்து சொல்லக்கூடிய விஷயம், அதில் கருத்துக்கு இடமில்லை. திரைக்குப் போகிறார் என்றால் தலையிட்டாரா இல்லையா என்ற கேள்வி எழுந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

கேமராவும் சென்சாரும் சேர்ந்த இந்த முறைக்குப் "பாதித் தானியங்கி ஆஃப்சைடு" என்று பெயர், பெயரிலேயே "பாதி" என்று ஒரு சொல் இருக்கிறது. இயந்திரம் நொடியையும் கோட்டையும் முன்வைக்கிறது. வீடியோ அறையில் இருப்பவர் இரண்டையும் சரிபார்த்த பிறகுதான் மைதான நடுவருக்குச் சொல்கிறார். திரையில் வரும் பொம்மைப் படம் முடிவு எடுத்த பிறகு, நமக்கு விளக்குவதற்காக அதே தகவலிலிருந்து செய்து காட்டுவது. அதில் நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு. உடலின் எந்தப் பகுதி கோட்டைத் தாண்டுகிறது, யாருடைய உடலிலிருந்து கோடு போடப்பட்டிருக்கிறது.

2024 ஜூன் 29, டோர்ட்மண்ட், யூரோ ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக டென்மார்க். ஆண்டர்சன் அடித்த கோல் ரத்தானது. தாண்டியது சக வீரர் டிலேனியின் பூட்ஸ் முனை. சில நிமிடத்தில் அதே ஆண்டர்சனின் கையில் பந்து பட்டு ஜெர்மனிக்குப் பெனால்டி கிடைத்தது. 2-0 என்று ஜெர்மனி வென்றது. டென்மார்க் ரசிகர்களின் வலி நியாயமானது. ஆனாலும் அந்த ஆஃப்சைடு முடிவில் பிழை சொல்ல இடமில்லை. விதியில் "கொஞ்சம் தாண்டினால் பரவாயில்லை" என்று ஒரு வரி கிடையாது. எங்கே கோடு போட்டாலும் அந்தக் கோட்டின் ஓரத்தில் ஒரு விரல் நிற்கத்தான் செய்யும். முன்னாள் பயிற்சியாளர் அர்சேன் வெங்கர் முன்வைத்தபடி உடலின் ஏதேனும் ஒரு பகுதி சமமாக இருந்தாலே ஆஃப்சைடு இல்லை என்று மாற்றினாலும், முன்காலுக்குப் பதில் பின்குதிகாலை அளப்போம், அவ்வளவுதான்.

இயந்திரத்தால் முடியாத இடம்

ஆஃப்சைடு இடத்தில் நிற்பது குற்றம் அல்ல. அங்கே நின்றபடி பந்தைத் தொட வேண்டும், அல்லது எதிராளியின் பார்வையையோ ஓட்டத்தையோ தடுக்க வேண்டும், அல்லது கம்பத்திலோ கீப்பரின் தடுப்பிலோ பட்டுத் திரும்பிய பந்தைப் பயன்படுத்த வேண்டும். அப்போதுதான் தவறு.

2024 ஜூன் 21, லைப்சிக்கில் பிரான்சும் நெதர்லாந்தும் மோதின. சாவி சைமன்ஸ் அடித்த பந்து வலைக்குள் போனது. டம்ஃப்ரீஸ் பிரான்ஸ் கீப்பர் மெய்ன்யானுக்குப் பக்கத்தில் ஆஃப்சைடு இடத்தில் நின்றிருந்தார். அவர் நின்ற இடம் பற்றிச் சந்தேகமே இல்லை. அவர் அங்கே நின்றதால் கீப்பரால் பாய முடியாமல் போனதா என்பதுதான் கேள்வி. நீண்ட சோதனைக்குப் பிறகு கோல் இல்லை என்ற முடிவே நின்றது, ஆட்டம் 0-0. மெய்ன்யானால் எப்படியும் பிடித்திருக்க முடியாது என்று வாதாடுபவர்கள் இன்றும் உண்டு. இதற்கு எந்தச் சென்சாரும் பதில் சொல்லாது.

இன்னொரு சிக்கல், நடுவில் டிஃபெண்டர் பந்தைத் தொடுவது. டிஃபெண்டர் தெரிந்தே பந்தை ஆடினால் அதற்கு முன்னிருந்த ஆஃப்சைடு கழிந்துவிடும். பந்து வந்து அவர்மேல் பட்டு விலகினால் கழியாது. 2021 அக்டோபர் 10, நேஷன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினுக்கு எதிராக எம்பாப்பே வெற்றிக் கோலை அடித்தார். பாஸ் கிளம்பியபோது அவர் ஆஃப்சைடு இடத்தில்தான் இருந்தார். ஸ்பெயினின் எரிக் கார்சியா சறுக்கிப் போய்ப் பந்தைத் தொட்டார். அதைத் தெரிந்தே ஆடியதாக எடுத்துக்கொண்டு கோல் கொடுத்தார்கள். பெரும் சர்ச்சை கிளம்பியது. அடுத்த ஆண்டு விதியமைப்பாளர்கள் விளக்கம் வெளியிட்டார்கள். டிஃபெண்டருக்குப் பந்து தெளிவாகத் தெரிந்ததா, உடலை ஒழுங்குபடுத்த நேரம் இருந்ததா, பந்தைத் தன் கட்டுப்பாட்டில் ஆடும் வாய்ப்பு இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். காலை நீட்டி முனையால் தொட்டது மட்டும் போதாது.

தவறு வேறொரு வாசல் வழியாகவும் வரும். 2023 செப்டம்பர் 30, இங்கிலாந்தில் டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோல். துணை நடுவர் ஆஃப்சைடு காட்டியிருந்தார். வீடியோ அறை சோதித்து அவர் ஆஃப்சைடில் இல்லை என்பதைச் சரியாகவே கண்டுபிடித்தது. ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று தவறாக நினைத்துக்கொண்டு "சோதனை முடிந்தது" என்று சொல்லிவிட்டது. மைதான நடுவர் அதை ஆஃப்சைடு சரி என்று எடுத்துக்கொண்டு ஃப்ரீ கிக் கொடுத்தார். ஆட்டம் மறுபடி தொடங்கிய பின் திரும்பிப் போக விதி அனுமதிப்பதில்லை. கோடு சரியாக இருந்தும் பேச்சு பிசகியது. சோதிப்பவர் முதலில் "மைதான முடிவு என்ன" என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தொடங்குவது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கேமரா இல்லாத மைதானத்தில்

எல்லா ஆட்டத்திலும் விஏஆர் கிடையாது. 2024 ஜூன் 11 அன்று தோஹாவில் இந்தியா 1-0 என்று முன்னிலையில் இருந்தபோது, கோட்டுக்கு வெளியே போய்விட்ட பந்தை உள்ளே இழுத்துக் கத்தார் கோல் அடித்தது. நம் வீரர்கள் ஆட்டம் நின்றதென்று நின்றுவிட்டார்கள். அந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தில் விஏஆர் இல்லை. கோல் செல்லும் என்றார் நடுவர். 2-1 என்று தோற்று அடுத்த சுற்று வாய்ப்பு போனது. அது ஆஃப்சைடு அல்ல, ஆனால் கேமரா உதவி இல்லாத இடத்தில் துணை நடுவரின் நிலைதான் எல்லாம் என்பதை நமக்கு நன்றாகவே உணர்த்தியது.

சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்டுக்குக் கொடி பிடிக்கப் போகிறீர்களா? உங்கள் இடம் இரண்டாவது டிஃபெண்டருக்கு நேர்கோட்டில். ஒரு மீட்டர் பின்தங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் நடுக்கோட்டுப் பக்கமாக 1 மீட்டர் பின்னால் நிற்கிறீர்கள். டிஃபெண்டர் உங்களிடமிருந்து குறுக்கே 30 மீட்டரில். ஃபார்வர்டு உங்கள் பக்கமாக 10 மீட்டரில். உண்மையில் அவர் டிஃபெண்டருக்கு 67 செ.மீ. பின்னால், அதாவது நடுக்கோட்டுப் பக்கமாக, இருக்கும்போதே உங்கள் கண்ணுக்குச் சமமாகத் தெரிவார். அதற்கும் குறைவாகப் பின்னால் இருந்தால் ஆஃப்சைடு என்றே தெரியும், நல்ல கோல் ஒன்று போகும். அதே ஃபார்வர்டு எதிர்ப்பக்கத்தில் 50 மீட்டரில் ஓடினால் தலைகீழ், 67 செ.மீ. வரை முன்னால் நின்றாலும் உங்களுக்கு ஆஃப்சைடு இல்லை என்றே தெரியும். ஆகவே பந்தைத் துரத்த வேண்டாம். டிஃபெண்டர் நகர்ந்தால் நகருங்கள், பக்கவாட்டு நடையில், மார்பு மைதானத்தைப் பார்த்தபடி.

உதைக்கும் சத்தத்தை நம்பிக் கொடி தூக்குவோருக்கு இன்னொரு எச்சரிக்கை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி உதைத்த சத்தம் உங்கள் காதுக்கு வர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. அதற்குள் ஃபார்வர்டு 80 செ.மீ. ஓடிவிட்டார். கண்ணைக் கோட்டில் வைத்து, உதைப்பவரைக் கடைக்கண்ணில் வைத்திருக்கப் பழகுவதே வழி.

மைதானத்தில் ஒரு பயிற்சி

இதை ஒரு மாலையில் செய்து பார்க்கலாம். வேண்டியவை: நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் எடுக்கும் போன் ஒன்று, சாதாரண போன் ஒன்று, இரண்டு ட்ரைபாட், 30 மீட்டர் டேப், சுண்ணாம்புத் தூள், நான்கு கூம்புகள் அல்லது செங்கற்கள், ஓட மூன்று பேர்.

கோல் கோட்டிலிருந்து 16.5 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் செங்கல் வைத்துச் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். ஸ்லோமோஷன் போனை அந்தக் கோட்டின் நீட்சியில், பக்கக் கோட்டுக்கு வெளியே வையுங்கள். உயரம் கூடினால் நல்லது. காந்தி ஸ்டேடியம் மாதிரி இடத்தில் கேலரிப் படி இருக்கும். ஏற்காட்டில் சரிவை வெட்டிச் சமன் செய்த மைதானம் என்றால் ஓரத்து மேடே போதும். வைட் லென்ஸ் வேண்டாம், ஓரங்களில் நேர்கோடும் வளையும். சூரியன் கேமராவுக்குப் பின்னால் இருக்கட்டும். மாலை ஐந்தரைக்கு மேல் வெளிச்சம் குறைந்தால் ஸ்லோமோஷன் படம் இருண்டு கலங்கும், நீண்ட நிழலைக் காலென்று நினைக்கவும் வாய்ப்புண்டு. ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கத் தொடங்கினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், முப்பது மீட்டரில் இருப்பவரின் பாதம் கரைந்துபோகும்.

சாதாரண போன் உதைப்பவருக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு போனுக்கும் தெரியும்படி ஒருவர் நடுவில் நின்று கைகளை உயர்த்தி ஒரு முறை தட்ட வேண்டும். பிறகு இரண்டு வீடியோவையும் உள்ளங்கைகள் சேரும் ஃபிரேமில் பொருத்திக்கொள்ளலாம். சத்தத்தை வைத்துப் பொருத்தாதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான். வீடியோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிப் பார்க்கவும் கூடாது. சுருக்கி அனுப்பும்போது தெளிவு போய்விடும். எடுத்த போனிலேயே பாருங்கள், அல்லது டாக்குமென்டாக அனுப்புங்கள்.

இப்போது ஒருவர் பாஸ் கொடுக்க, ஒருவர் ஓட, ஒருவர் டிஃபெண்டராக முன்னேறட்டும். பத்து முறை எடுங்கள். பிறகு இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காமல், கால் பந்தைத் தொட்ட ஃபிரேமைக் குறித்துக்கொள்ள வேண்டும். இருவருக்கும் எத்தனை ஃபிரேம் வித்தியாசம் என்று எழுதிவையுங்கள். நொடிக்கு 12 மீட்டர் என்ற பழைய கணக்கில் 240 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேமுக்கு 5 செ.மீ., 60-இல் 20 செ.மீ., 30-இல் 40 செ.மீ. பத்தில் எத்தனையில் உங்கள் ஃபிரேம் வித்தியாசமே முடிவை மாற்றுகிறது என்று பாருங்கள்.

உள்ளூர் டோர்னமென்ட்டில் வீடியோ பார்க்க விரும்பினால் ஃபிஃபா 2024-இல் இளையோர் மகளிர் உலகக் கோப்பைகளில் பயன்படுத்திய முறை நமக்குப் பொருந்தும். தனி வீடியோ அறை கிடையாது. பயிற்சியாளருக்கு ஆட்டத்துக்கு இரண்டு கோரிக்கை. கேட்டால் நடுவரே ஓரத்துத் திரையில் போய்ப் பார்ப்பார். கோரிக்கை வென்றால் அது கழியாது. அதை எடுத்துக்கொண்டு நம் கருவிக்கு ஏற்ற ஒரு வரியைச் சேர்த்து, ஆட்டத்துக்கு முன்பே இரண்டு கேப்டனிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்: "60 ஃபிரேம் வீடியோவில் 20 செ.மீ.க்குள் இருக்கும் வித்தியாசத்துக்கு வீடியோ முடிவு கிடையாது, கொடி காட்டியதே நிற்கும்." எந்த ஃபிரேமைப் பார்க்கிறோம் என்று நடுவர் முதலில் இரு கேப்டனுக்கும் காட்டிவிட்டு, அப்புறம் கோட்டுக்குப் போகட்டும். ஃபிரேமை ஒப்புக்கொள்ளாத கேப்டனோடு கோட்டைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டாம்.